இருபதாயிரம் தடவை

குரு என்றால் தாடி வேண்டும், தண்டம் வேண்டும், மலையடிவாரம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. பெயர் மெஹர்பானு. மேலப்பாளையத்தில் தம் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பழுதான வீடியோ கேம் பெட்டிகளைத் திறந்து சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். சீடருக்கு அறுபத்து நான்கு. பெயர் ஆறுமுகநயினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பாளையங்கோட்டை.

பழைய கம்ப்யூட்டர்களைப் புது இயந்திரங்களுக்குள் ஓடவைத்தே தீருவேன் என்று அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இணையத்தில் அவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. நயினார் அதில் ஒரு கேள்வி கேட்டார். யாரோ ஒற்றை வரியில் பதில் போட்டார்கள். அந்த ஒற்றை வரிக்கு விளக்கம் கேட்டு நயினார் நாற்பது வரி எழுதினார். 'நேரில் வாருங்கள்' என்று ஒரு விலாசம் வந்தது. பார்த்தால், வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். எவனோ வெள்ளைக்காரன் என்று நினைத்து, இலக்கணம் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் வீண்.

மாடியேறி வந்தவரை மெஹர்பானு உட்காரச் சொன்னார்.

"பழைய கம்ப்யூட்டர் எதுக்கு, அண்ணாச்சி?"

நயினார் காரணத்தைச் சொன்னார்.

அவர் மனைவி வடிவு, முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். எந்தத் தேதியைச் சொன்னாலும் காலண்டர் பார்க்காமல் கிழமை சொல்வார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் தள்ளிவிட்டது. வலது காலும் கையும் போயின. பேச்சும் போனது. கால் ஓரளவு திரும்பி வந்தது. கை வரவில்லை. பேச்சும் வந்தது, ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

"சொல்றது புரியுது. உள்ளே எவ்வளவு இருக்குன்னு போகப்போகத்தான் தெரியும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த 'எவ்வளவு' நயினாரை அரித்தது. வடிவுக்குள் கணக்கு இருக்கிறதா, போய்விட்டதா? அவருக்கு அது ஒன்று தெரிந்தாக வேண்டும். வாயால் கேட்டுப் பார்த்தார். 'ஆறேழு எவ்வளவு?' என்றால் வடிவு முறைத்தார். கணக்கு டீச்சரிடம் வாய்ப்பாடு கேட்கிற ஆளை வேறு எப்படிப் பார்ப்பது?

முன்பு ஒரு காலத்தில், வடிவு வேலைபார்த்த பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டில் வீடுகளில் வைத்துக்கொள்வதற்கென்று செய்தது. விசைப்பலகைக்குள்ளேயே மொத்த மெஷினும் அடக்கம். டிவிதான் திரை. டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டால் 'கீ' என்று கத்தும், அந்தக் கத்தலைக் கேட்டு மெஷின் புரோகிராமை ஏற்றிக்கொள்ளும். வடிவு அதில் பிள்ளைகளுக்காக ஒரு பெருக்கல் விளையாட்டு எழுதினார். மெஷின் எப்போதோ ஓட்டை உடைசலோடு போய்விட்டது. கேசட் மட்டும் பீரோவில் இருந்தது.

"மக அமெரிக்கா போகையில ஒரு கேம் பெட்டிய விட்டுட்டுப் போயிருக்கா. இடது கட்டைவிரலுக்கு வேலை குடுங்கன்னு பிசியோதெரபி அம்மா சொல்லுது. கண்ட்ரோலர் இடது கைக்குத் தோதா இருக்கு. அந்தப் பழைய மெஷின இந்தப் பெட்டிக்குள்ள கொண்டுவந்துட்டா, அவ எழுதின விளையாட்ட அவளே விளையாடலாம். எனக்கும் தெரிஞ்சிரும், குருவே."

"குருவேவா?"

"வயசுல சின்னவங்க. பேரு சொல்லிக் கூப்பிட வாய் வரல. இது தமாஷாவும் இருக்கும், மரியாதையாவும் இருக்கும்."

"சரி, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மெஹர்பானு சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்தார். பாடம் ஆரம்பித்துவிட்டது என்பது நயினாருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

கேசட்டின் கத்தலைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு வாரம் ஆனது. பழைய மெஷினைப் போலவே நடிக்கும் ஒரு புரோகிராமை எழுத, அதுதான் எமுலேட்டர், ஐந்து மாதம் ஆனது. கேம் பெட்டிக்காரர்கள் தங்கள் பெட்டியைப் பூட்டித்தான் விற்கிறார்கள். அவரவர் எழுதியதைப் போட்டுப் பார்க்க ஒரு பின்வாசல் மட்டும் விட்டிருக்கிறார்கள். அந்த வாசலைக் காட்டிக்கொடுத்தது குரு. மற்றபடி அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்றுதான் நயினார் முதலில் நினைத்தார்.

ஒருநாள் சீடர் கேட்டார்: "பழைய மெஷின் கீபோர்டுல எழுபத்து மூணு கட்டை. கண்ட்ரோலர்ல இடது பக்கம் இருக்கதே நாலோ அஞ்சோ. எழுபத்து மூணை அஞ்சுக்குள்ள எப்படி அடக்க?"

"அந்த விளையாட்டு எத்தனை கட்டையைக் கேக்குது?"

நயினார் அதைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். பத்து எண்கள், அழிப்பதற்கு ஒன்று. திரையின் அடியில் சைபரிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் போட்டார். கட்டைவிரலால் நகர்த்தி, வேண்டிய எண்ணில் நிறுத்தி அழுத்தினால் போதும். மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு மதியத்தில் முடிந்தது.

இன்னொரு நாள் கேட்டார்: "பழைய மெஷின்ல சில கோளாறு இருக்கே. நாமதான் புதுசா எழுதுதோம். அதையெல்லாம் சரிபண்ணி எழுதினா என்ன?"

மெஹர்பானு ஒரு கதை சொன்னார்.

"நானும் ஆரம்பத்துல அப்படித்தான் செஞ்சேன். ஒரு பழைய மெஷினோட சிப்புல ஒரு கூட்டல் தப்பா வரும். நான் சரியா வார மாதிரி எழுதுனேன். எல்லா விளையாட்டும் நல்லா ஓடுச்சு. ஒரு விளையாட்டுல மட்டும் ஒரு கதவு திறக்கல. ஆறு மாசம் தட்டிப் பாத்தேன். எழுதினவன் அந்தத் தப்பான விடைக்குத்தான் பூட்டுப் போட்டிருக்கான்."

"பொறவு?"

"கூட்டலைத் தப்பாக்கினேன். கதவு திறந்துட்டு."

நயினார் இதை டயரியில் எழுதிக்கொண்டார். அவர் எதையும் டயரியில் எழுதிக்கொள்வார். எழுதியதைத் திரும்பப் படிக்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

அடுத்த முறை அவர் வந்தது கேட்பதற்கல்ல, பீற்றிக்கொள்வதற்கு. இரண்டிரண்டு படியாக மாடியேறி வந்தார்.

"முடிஞ்சிட்டு, குருவே!"

எமுலேட்டர் கேம் பெட்டியில் திணறித் திணறித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின் செய்யும் ஒவ்வொரு சின்ன வேலையையும் புதுப் பெட்டி நடித்துக் காட்ட வேண்டும். நயினார் எழுதிய விதத்தில் அதற்கு மூச்சு வாங்கியது. படம் வெட்டி வெட்டி வந்தது. எங்கே இத்தனை நேரம் போகிறது என்று தேடினார். கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த மெஷின் என்ன செய்யுது தெரியுமா? கட்டையை யாராவது அழுத்தியிருக்காவளான்னு பாக்குது. இல்ல. மறுபடி பாக்குது. இல்ல. மறுபடி. ஒவ்வொரு கணக்குலயும் இருபதாயிரம் தடவ பாக்குது! ஆளில்லாத வாசல எத்தனை தடவ எட்டிப் பாப்பாங்க?"

"நீங்க என்ன செஞ்சீய?"

"ஒரு தடவ பாத்தா பத்துத் தடவ பாத்ததா எண்ணிக்கோன்னு எழுதிட்டேன். இருபதாயிரம் ரெண்டாயிரமாயிட்டு. படம் எண்ணெய் மாதிரி ஓடுது. முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல ஒரு லைன் சும்மா கெடக்கப்படாதுன்னு வேலை பாத்தவன் நான். எங்கிட்டயா?"

மெஹர்பானு சால்டரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்தார்.

"மிச்சம் பதினெட்டாயிரம் இருக்கே, அதை எங்க வச்சிருக்கீய?"

நயினார் சிரித்தார். "ஒண்ணுமே இல்லாத பார்வை, குருவே. அதை எடுத்து எங்க வைக்க?"

"ஓடுதான்னு பாத்தீயளா?"

"கம்ப்யூட்டர் கீபோர்டைச் சொருகி அம்பது கணக்குப் போட்டேன். அம்பதும் சரி."

குரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். எவரோ கொண்டுவந்து கொடுத்திருந்த பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நயினார் டிவியைப் போட்டார். வடிவைக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, கண்ட்ரோலரை இடது கையில் கொடுத்தார். திரையில் நீலம் வந்தது. அதில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில், கொட்டை கொட்டையாக. அந்தக் காலத்தில் வடிவே அடித்தது.

வடிவு சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் ஏறியது. படுக்கையில் விழுந்த பின் முதல் சிரிப்பு அது.

6 × 7 வந்தது. வடிவின் கட்டைவிரல் மெல்ல அசைந்தது. சைபர், ஒன்று, இரண்டு என்று வரிசையில் நகர்ந்து நாலில் நின்றது. அழுத்தினார். திரையில் 4 விழுந்தது. விரல் மறுபடி நகர ஆரம்பித்தது.

'தப்பு. விடை 42' என்றது திரை.

"நாலு இல்ல வடிவு, நாப்பத்திரண்டு" என்றார் நயினார்.

வடிவு அவரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு. சரி, அடுத்ததப் பாரு."

8 × 3. வடிவு 2 போட்டார். தப்பு. 9 × 9. 8 போட்டார். தப்பு. 7 × 5. 3 போட்டார். தப்பு. ஒவ்வொரு தடவையும் நயினார் சரியான விடையைச் சத்தமாகச் சொன்னார். ஊக்கப்படுத்துவதாக அவருக்கு நினைப்பு.

ஐந்தாவது கணக்கு வந்தபோது வடிவு கண்ட்ரோலரை மெத்தையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நயினார் மறுநாள் பஸ்ஸில் போகும்போது அழுதார். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலை மூடினார், தூசி என்று நினைத்து.

"உள்ள ஒண்ணுமில்ல, குருவே" என்றார், மாடியேறி வந்ததும். "எழுதினவளுக்கே தெரியல. ஆறேழு நாலுங்கா. எங்கிட்ட கிழமை சொன்ன வடிவு போயிட்டா. வெறும் ஆள்தான் கெடக்கா."

மெஹர்பானு தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடித்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"என்னென்ன கணக்கு வந்துச்சு?"

"அத இப்ப கேட்டு என்ன செய்ய?"

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன். டயரியில இருக்குமே."

இருந்தது. நயினார் வாசித்தார். நாற்பத்திரண்டுக்கு நாலு. இருபத்து நாலுக்கு இரண்டு. எண்பத்தொன்றுக்கு எட்டு. முப்பத்தைந்துக்கு மூன்று.

"மறுபடி வாசிங்க."

வாசித்தார்.

"நாலும் தப்பு, இல்லையா?"

"நாலும்."

"நாலும் ஒரே மாதிரி தப்பா, வேற வேற மாதிரியா?"

"தப்புல என்ன மாதிரி, குருவே!" நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்டாட்டியின் மூளை கலங்கிக் கிடக்கிறது, இந்த அம்மாள் வகைபிரித்துக் கேட்கிறாளே என்று. வாய்விட்டுச் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது.

மெஹர்பானு அதைக் கண்டுகொள்ளவில்லை. மேசையில் இருந்த ஒரு கேம் பெட்டியை டிவியில் சொருகினார். நயினாரின் சட்டைப் பையிலிருந்த பென் டிரைவைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த எமுலேட்டரை ஏற்றினார். நீலம் வந்தது. வணக்கம் வந்தது. கண்ட்ரோலரை நயினாரின் இடது கையில் வைத்தார்.

"வலது கைய முதுகுக்குப் பின்னால வைங்க."

"எதுக்கு?"

"வைங்க, அண்ணாச்சி."

வைத்தார். 7 × 8 வந்தது. நயினாருக்கு ஐம்பத்தாறு என்று தெரியும், இரண்டாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஆனால் இடது கட்டைவிரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. ஐந்தைத் தாண்டி ஓடி ஏழில் நின்றது. திரும்ப இழுத்தார். நாலுக்குப் போனது. ஒருவழியாக ஐந்தில் நிறுத்தி அழுத்தினார். இனி ஆறுக்குப் போக வேண்டும். விரலைத் தூக்கினார்.

'தப்பு. விடை 56.'

"நான் இன்னும் முடிக்கலையே!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார் நயினார்.

அந்தச் சத்தத்துக்குக் கீழ் வீட்டிலிருந்து, "மெஹரு, என்ன அங்க?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்றார் மெஹர்பானு.

நயினார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்த கை அங்கேயே இருந்தது. அதை முன்னால் கொண்டுவர அவருக்குத் தோன்றவில்லை.

முதல் எண்ணுக்கு அந்த மெஷின் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். முதல் எண்ணைப் போட்டபின் இரண்டாவது எண் வருகிறதா என்று பார்க்கத்தான் அந்த இருபதாயிரம் பார்வை. அந்தக் காலத்து வேகத்தில் அது இருபது விநாடி. நயினார் அதை இரண்டு விநாடியாக்கியிருந்தார். பத்து விரலும் கீபோர்டில் ஓடுகிற ஆளுக்கு இரண்டு விநாடி தாராளம்.

அவர் டயரியை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதியதைத் திரும்பப் படித்தார்.

"நாலும் சரி" என்றார். "நாலுக்கும் முத எண்ணு சரி, குருவே. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சிருக்கு!"

"ம்."

"கிறுக்கன் மாதிரி நான் பக்கத்துல உக்காந்து நாப்பத்திரண்டு நாப்பத்திரண்டுன்னு கத்தியிருக்கேன்."

மெஹர்பானு பென் டிரைவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். நயினார் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றே அந்தப் பதினெட்டாயிரத்தையும் திரும்பப் போட்டார். படம் பழையபடி வெட்டி வெட்டி ஓடியது. அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அவர் இல்லை. கண்ட்ரோலரைக் கொண்டுபோய் வடிவிடம் நீட்டினார்.

வடிவு வாங்கவில்லை.

"என் தப்பு வடிவு. நான்தான் அவசரப்பட்டு மெஷினக் கெடுத்துட்டேன். இப்ப சரியாயிட்டு. உனக்குக் கணக்கு வருது, எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவ."

வடிவு வாயைத் திறந்தார்.

"வேண்டாங்கியா? சரி, நாளைக்குப் பாப்போம்."

நாளைக்கும் வாங்கவில்லை. அதற்கு மறுநாள் கண்ட்ரோலரைக் கையில் வைத்தால் தள்ளிவிட்டார். கெஞ்சிப் பார்த்தார், தாமே விளையாடிக் காட்டினார், மகளைப் போனில் பேசவைத்தார். வடிவு சுவரைப் பார்த்தார். கணக்கு உள்ளே இருக்கிறது என்று தெரிந்தபின் இது முன்னைவிட வலித்தது. இருக்கிறவள் வெளியே வரமாட்டேன் என்கிறாளே!

நான்காம் நாள் குருவுக்குப் போன் போட்டார். "ஒருவாட்டி வீட்டுக்கு வாங்க, குருவே. நீங்க சொன்னா கேப்பா."

மெஹர்பானு சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். கண்ட்ரோலரைப் பார்க்கவில்லை. டிவியைப் போடச் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வடிவு அவரைப் பார்த்தார். யார் இது என்ற பார்வை.

"டீச்சர், நான் மெஹர்பானு. நானும் புரோகிராம் எழுதுவேன். உங்க விளையாட்ட வரிவரியாப் படிச்சேன். சுத்தமா எழுதியிருக்கீய. ஒரு சந்தேகம் இருக்கு. எழுதினவங்களைத்தான் கேக்க முடியும்."

வடிவின் முகம் முழுதாக இந்தப் பக்கம் திரும்பியது.

"ரெண்டாவது எண்ணுக்கு இருபதாயிரம் தடவ பாக்கச் சொல்லியிருக்கீய. பத்தாயிரம் இல்ல, முப்பதாயிரம் இல்ல. ஏன் டீச்சர் இருபதாயிரம்?"

வடிவு உதட்டை நனைத்தார்.

"பிள்ளைய மெதுவாப் போடும்லா, அதுக்குத்தான்" என்றார் நயினார். "சின்னப் பிள்ளைய. கீபோர்டே அப்பத்தான் பாக்குதுவ. கொஞ்ச நேரம் கூட இருக்கட்டும்னு ஒரு குத்துமதிப்பா வச்சிருப்பா."

வடிவு வாயை மூடிக்கொண்டார்.

மெஹர்பானு நயினார் பக்கம் திரும்பினார். "புரோகிராம் எழுதினது யாரு, அண்ணாச்சி?"

"அவதான்."

"நான் யாரைக் கேட்டேன்?"

"அவளத்தான்."

குரு மறுபடி வடிவைப் பார்த்தார். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு ஆட்டோ வந்தது, யாரையோ இறக்கிவிட்டது, போனது. நயினாருக்கு நாக்கு துறுதுறுத்தது. குறைந்தது நாலு பதில் அவரிடம் தயாராக இருந்தது, நாலும் நல்ல பதில். 'காப்பி போடட்டுமா' என்றாவது கேட்டுவிடலாம் போல் இருந்தது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இத்தனை நேரம் ஒரு லைன் சும்மா கிடந்ததில்லை.

"சுடலி" என்றார் வடிவு.

நயினாருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சுடலி? நாற்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. கேட்க வாயெடுத்தார். மெஹர்பானு அசையாமல் இருப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"ஏழாப்பு... பின்... பெஞ்சு." வடிவு இடது கையைத் தூக்கினார். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "விரல்ல... எண்ணுவா. முத எண்ணு... போட்டுட்டு... மறுக்க... முதல்லேருந்து... எண்ணுவா."

கணு எண்ணிய கை மடியில் இறங்கியது.

"எல்லாரும்... சிரிப்பாவ. நான்... வாட்சுல... பாத்தேன். அவளுக்கு..." வடிவு நிறுத்தினார். நெற்றியில் வியர்த்திருந்தது. எந்தச் சொல்லையோ தேடிப் போனார். போய்விட்டுத் திரும்பி வந்தார். "இருபது செகண்டு... போதும்."

நயினாரின் கண் நிறைந்தது. குத்துமதிப்பு என்று சொன்னவர் அவர். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வடிவு கையை நீட்டினார். நயினாருக்கு அது கண்ட்ரோலருக்காக என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். டிவியைப் போட்டார். நீலம் துண்டு துண்டாக வந்தது. வணக்கம் ஒரு குலுக்கலோடு வந்து நின்றது.

8 × 9.

கட்டைவிரல் நகர்ந்தது. ஏழில் நின்றது. அழுத்தினார். திரையில் 7 விழுந்தது. விரல் திரும்பி வரத் தொடங்கியது. ஆறு. ஐந்து. விரல் களைத்து நின்றது. மெஷின் பார்த்துக்கொண்டே இருந்தது. நாலு. மூன்று. இரண்டு.

அழுத்தினார்.

'சரி' என்றது திரை. கூடவே ஒரு சின்ன மணியோசை. அதை எழுதிய நாளில் வடிவு எந்தப் பிள்ளைக்காக வைத்தாரோ.

வடிவு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். இவர்கள் இருவரும் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது போல் இருந்தது. ஏழு கணக்குப் போட்டார். ஏழும் சரி. நயினார் ஒவ்வொரு மணியோசைக்கும் மெஹர்பானுவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பரிசு வாங்கியது தாம்தான் என்பது போல.

ஆனாலும் எக்ஸ்சேஞ்ச் புத்தி எங்கே போகும்? எட்டாவது கணக்கில் படம் பலமாக ஒருமுறை வெட்டியது. நயினார் குருவிடம் குனிந்து கிசுகிசுத்தார்.

"படம் இப்படி வெட்டி வெட்டி ஓடுதே, குருவே. வேற விதமா எழுதினா சரியாவும். ஆனா ரெண்டு மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் பெட்டி எனக்குச் சோதிக்க வேணும், விளையாட்ட நிறுத்தி வைக்கணும். எழுதட்டுமா? இல்ல, இப்படியே இருந்தாப் போதுமா?"

மெஹர்பானு எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தினார்.

"என்னையா கேக்கீய?"

நயினார் கட்டிலில் உட்கார்ந்தார். வடிவின் பக்கம் திரும்பி, அதே கேள்வியைக் கேட்டார்.

வடிவு கண்ட்ரோலரை மடியில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

நயினார் பேசாமல் இருந்தார்.